‘டாக்டர் வில் கன்சல்ட் யூ’: கேட்பவர் யார், சொல்பவர் யார்?

கேள்வி: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள ஒரு மருந்தகத்தின் பதிவு முகப்பில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சென்ற மாதம் எங்கள் மருந்தகத்தில் இரண்டாவது அறையைத் திறந்தபோது ‘டாக்டர் வில் கன்சல்ட் யூ இன் ரூம் டூ’ என்று ஓர் அறிவிப்பை அச்சிட்டு ஒட்டினேன். அதைப் பார்த்த மருத்துவர், “நானா இவர்களிடம் ஆலோசனை கேட்கப் போகிறேன்?” என்று சிரித்துவிட்டார். ஆலோசனை சொல்பவரைத்தானே கன்சல்டன்ட் என்கிறோம்? அப்படியென்றால் அவர் செய்யும் வேலை கன்சல்ட்தானே? தொடக்கக் கல்லூரியில் படிக்கும் மகனைக் கேட்கலாம் என்றால், அவன் ‘மூன்று மணிக்கு எனக்கு ஒரு கன்சல்ட் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். இந்தச் சொல்லை எப்படித்தான் ஆள்வது? பின்னால் ‘வித்’ சேர்க்க வேண்டுமா? இதே அறிவிப்பைத் தமிழிலும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ‘மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்’ என்று எழுதலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. துணைப்பாட நிலையங்களின் விளம்பரங்களிலும் காப்புறுதி முகவர்களின் மின்னஞ்சல்களிலும் இதே வாக்கியத்தை நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். மொழிபெயர்ப்பும் மெய்ப்புப் பார்ப்பதுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட எனக்கே இந்தச் சொல் ஒருமுறை சங்கடத்தைத் தேடித் தந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

‘கன்சல்ட்’ என்ற வினையைச் செய்பவர், ஆலோசனை கேட்பவர். அதற்குச் செயப்படுபொருளாக நிற்பவர், ஆலோசனை சொல்பவர். ‘ஐ கன்சல்டட் த டாக்டர்’ என்றால் நான் கேட்டேன், டாக்டர் சொன்னார் என்பது பொருள். இருவரையும் இடம் மாற்றி ‘டாக்டர் வில் கன்சல்ட் யூ’ என்று எழுதினால், தம் மூட்டுவலிக்கு என்ன செய்யலாம் என்று நோயாளியைக் கேட்பதற்காக மருத்துவர் இரண்டாம் அறையில் காத்திருப்பதாக ஆகிவிடும்.

அப்படியானால் ‘கன்சல்டன்ட்’ எப்படி ஆலோசனை சொல்பவரானார் என்பது உங்கள் அடுத்த கேள்வி. மிகவும் நியாயமான கேள்வி. விண்ணப்பம் செய்பவர் ‘அப்ளிகன்ட்’, உதவி செய்பவர் ‘அசிஸ்டன்ட்’ என்று ஆங்கிலத்தில் இந்த விகுதி பெரும்பாலும் செயலைச் செய்பவரையே காட்டுவதால், ‘கன்சல்டன்ட்’ என்பவர் கன்சல்ட் செய்பவராகத்தானே இருக்க வேண்டும்? தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. ஆலோசனை கேட்கப் போனவரைக் குறித்த அந்தச் சொல், 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர்களைக் குறிக்கப் பயன்பட்டபோது திசை மாறி, யாரிடம் கேட்கப் போகிறோமோ அவரைக் குறிக்கலாயிற்று. பெயர்ச்சொல் மேசையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. செயப்படுபொருளோடு வரும் வினைச்சொல் மட்டும் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. உங்கள் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. செயப்படுபொருள் இல்லாமல் தனித்து வரும்போது இந்த வினையும் மேசையின் மறுபக்கம் தாவிவிடும். ‘ஷி கன்சல்ட்ஸ் ஃபார் எ பேங்க்’ என்றால் அவர் ஒரு வங்கிக்கு ஆலோசனை வழங்குகிறார் என்பதே பொருள். மருத்துவர் அமர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் அறைக்குக் ‘கன்சல்டிங் ரூம்’ என்று பெயர் வந்ததும் இந்த வழியில்தான். ஆகவே உங்கள் அறிவிப்பில் ‘வில்’, ‘யூ’ இரண்டையும் எடுத்துவிட்டு ‘த டாக்டர் கன்சல்ட்ஸ் இன் ரூம் டூ’ என்று எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. என்னைக் கேட்டால், ‘த டாக்டர் வில் ஸீ யூ இன் ரூம் டூ’ என்று எழுதுவது எல்லாவற்றையும்விட நல்லது. முகப்பில் நிற்கும் முதியவருக்கு அது ஒரே பார்வையில் விளங்கும்.

ஒரே வினை கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலத்தில் புதிதில்லை. வீட்டை வாடகைக்கு விடுவதும் வாடகைக்கு எடுப்பதும் அங்கே ‘ரென்ட்’தான். தமிழில் விடு, எடு, கொடு, வாங்கு என்று கைமாறும் திசையை வினையே சொல்லிவிடும். நம் ஊரில் ‘பாரோ மீ யுவர் பென்’ என்று சொல்லி ஆசிரியரிடம் திட்டு வாங்காத பிள்ளை உண்டா? அங்கேயும் கடன் கொடுப்பதும் கடன் வாங்குவதும் இடம் மாறிக்கொண்டன. உங்கள் அறிவிப்பும் அந்தப் பேனாவுக்கு நெருங்கிய உறவு.

இனி, இந்த வினைக்குச் செயப்படுபொருளாக வருபவர் எப்போதும் விவரம் அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அம்மா பெயரில் இருந்த நாலறை வீட்டை அண்ணன் விற்க ஏற்பாடு செய்துவிட்டார். தங்கைக்குச் செய்தி அப்புறம்தான் தெரிகிறது. ‘ஹி டிட் இட் விதவுட் கன்சல்டிங் மீ’ என்று அவர் பொருமுகிறார். வீட்டு விற்பனையில் தங்கை நிபுணர் ஆனதால் அவரைக் கேட்டிருக்க வேண்டும் என்பது இதன் பொருளாகாது. அதில் அவருக்கும் உரிமை உண்டு, அவர் கருத்துக்கும் மதிப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்பதே ஆதங்கம். தமிழில் இதை எப்படிச் சொல்வோம்? ‘என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை’ என்போம். இங்கே ‘என்னைக் கலந்தாலோசிக்கவில்லை’ என்று எழுதினால் இலக்கணம் சரியாக இருக்கும், வலி மட்டும் காணாமல் போய்விடும்.

‘என்னை’ என்ற அந்த இரண்டாம் வேற்றுமையைச் சற்று நின்று பாருங்கள். ‘என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டான்’ என்றால் பேனாவைக் கேட்டு வாங்கவில்லை என்ற அளவில் முடிந்துவிடுகிறது. ‘என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டான்’ என்னும்போது என் சம்மதமும் என் மரியாதையும் உள்ளே வந்துவிடுகின்றன. பேச்சில் இந்த எல்லை சில வேளைகளில் கலங்கினாலும், ‘யாரைக் கேட்டு இதைச் செய்தாய்?’ என்று அதட்டும் எந்தத் தாயும் ‘யாரிடம் கேட்டு’ என்று தொடங்குவதில்லை. ஆங்கில ‘கன்சல்ட்’டின் இந்த இரண்டாம் பொருளுக்கு நம் ‘ஐ’ உருபு அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது.

மனிதர் அல்லாதவையும் செயப்படுபொருளாக வரும்: அகராதி, வரைபடம், பேருந்து அட்டவணை, கைக்கடிகாரம். தமிழில் இவற்றுக்கெல்லாம் ‘பார்’ போதும். பஞ்சாங்கம் பார்க்கிறோம், சாதகம் பார்க்கிறோம், அகராதியைப் புரட்டுகிறோம். ‘அகராதியைக் கலந்தாலோசித்தேன்’ என்று ஒரு மாணவர் எழுதியதை நானே திருத்தியிருக்கிறேன். அகராதி அவருக்கு என்ன பதில் சொல்லியது என்று ஓரத்தில் எழுதத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன். மனிதருக்கும் நூலுக்கும் பொதுவாக ஒரு வினை வேண்டும் என்றால், பழந்தமிழில் ‘உசாவு’ இருக்கிறது. கேட்டறிதல், கலந்து ஆராய்தல் இரண்டும் அதற்குப் பொருள். அது பேச்சிலிருந்து போய்விட்டாலும், தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளில் மேற்கோள் நூல்களின் பட்டியலுக்கு மேலே ‘உசாத்துணை’ என்ற தலைப்பாக இன்னும் உயிரோடு இருக்கிறது.

இப்போது ‘வித்’. அறிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது ‘வித்’ வேண்டாம்: மருத்துவர், வழக்கறிஞர், அகராதி எல்லாம் நேரடியாக வரட்டும். இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து, நீங்கள் ஒன்று சொல்ல அவர்கள் ஒன்று சொல்லப் பேசி முடிவுக்கு வரும்போது ‘கன்சல்ட் வித்’ பொருந்தும். அமெரிக்கர்கள் மருத்துவருக்கும் தாராளமாக ‘வித்’ போடுவார்கள். பிரிட்டிஷ் வழக்கில் அது குறைவு. நம் பள்ளிகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கையே பின்பற்றுவதால், ஐயம் வந்தால் ‘வித்’தை விட்டுவிடுங்கள். தமிழ் அறிந்தவருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ‘தெரிந்த இனத்தொடு தேர்ந்தெண்ணிச் செய்வார்க்கு’ என்று 462ஆம் குறள் தொடங்குகிறதே, அந்த ‘ஒடு’தான் இந்த ‘வித்’. கூடியிருந்து எண்ணுவதற்கு மூன்றாம் வேற்றுமை. போய்க் கேட்பதற்கு ‘இடம்’. மதித்துக் கேட்பதற்கு ‘ஐ’. நாம் உருபில் காட்டுவதை ஆங்கிலம் ஒரு முன்னிடைச்சொல்லைச் சேர்த்தும் நீக்கியும் காட்டப் பார்க்கிறது, பாதி வேளை காட்டாமலே விட்டுவிடுகிறது.

பெயர்ச்சொல்லாக வரும் ‘கன்சல்டேஷ’னுக்கு மட்டும் ‘வித்’ இல்லாமல் முடியாது. இதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 124ஆம் பிரிவு. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிப்பதைப் பற்றிய அந்தப் பிரிவின் மூல வாசகத்தில், நீதிபதிகளைப் பற்றிச் சொல்லும்போது ‘ஆஃப்டர் கன்சல்டேஷன் வித்’ என்று வருகிறது. தலைமை நீதிபதியைப் பற்றிச் சொல்லும்போது ‘ஷல் ஆல்வேஸ் பீ கன்சல்டட்’ என்று ‘வித்’ இல்லாமல் வருகிறது. ஒரே உட்பிரிவில் இரண்டு அமைப்பும் கிடைத்துவிடுகின்றன.

அந்தப் பிரிவை இலக்கணத்துக்காக மட்டும் நான் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்றால் கேட்டபடி நடக்கவும் வேண்டுமா என்ற பெரிய வழக்கே அந்தச் சொல்லின்மேல் நடந்தது. 1981இல் உச்ச நீதிமன்றம், கலந்து கேட்பது வேறு, ஒப்புதல் பெறுவது வேறு என்று தீர்ப்பளித்தது. 1993இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றி, நீதிபதிகளின் நியமனத்தில் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்றது. ஒரு சொல்லின் பொருளை மாற்றியதால் ஒரு நாட்டின் நீதிபதிகளை யார் தேர்ந்தெடுப்பது என்பதே மாறிப்போனது. நம் சிங்கப்பூரிலும் அதிபர் சில முக்கிய நியமனங்களிலும் நாட்டின் நிதி இருப்பு தொடர்பான விவகாரங்களிலும் முடிவெடுக்குமுன் அதிபர் ஆலோசகர் மன்றத்தைக் கேட்டாக வேண்டும். மன்றத்தின் பரிந்துரைப்படியே நடக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் மன்றம் சொன்னதற்கு மாறாக அவர் மறுப்புத் தெரிவித்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் அந்த மறுப்பைக் கடந்துசெல்ல முடியும். கேட்பது கடமை, ஏற்பது அவர் விருப்பம், ஏற்காததற்கு ஒரு விலை உண்டு. ‘கன்சல்ட்’ என்ற சொல்லின் எடை இடத்துக்கு இடம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

என் சங்கடக் கதை இந்த எடை பற்றியதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பின் ஆண்டறிக்கையைத் தமிழாக்கிக் கொடுத்தேன். சந்தாவை உயர்த்தியதைப் பற்றிய பத்தியில் ‘மெம்பர்ஸ் வேர் கன்சல்டட்’ என்று இருந்தது. நானும் யோசிக்காமல் ‘உறுப்பினர்களுடன் கலந்தாலோசித்து முடிவெடுக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டேன். பொதுக்கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, தமிழ் அறிக்கையைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “எங்களுடன் யார் எப்போது உட்கார்ந்து பேசினார்கள்? வந்தது ஒரு படிவம், அதில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள், அவ்வளவுதானே?” என்று கேட்டார். ஆங்கில அறிக்கையைப் படித்த யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் ஆங்கிலச் சொல்லுக்குப் படிவமும் போதும். ‘உடன்’, ‘கலந்து’ என்று நான் சேர்த்த இரண்டு சொற்களும் நடக்காத ஒரு கூட்டத்தை நடந்ததாகச் சொல்லிவிட்டன. ‘உறுப்பினர்களின் கருத்துக் கேட்கப்பட்டது’ என்று எழுதியிருந்தால் உண்மையும் கெட்டிருக்காது, பெரியவரின் தொண்டையும் கட்டியிருக்காது. அன்றிலிருந்து இந்தச் சொல்லைக் கண்டால், யார் பேசினார், யார் கேட்டார், எதிரெதிரே உட்கார்ந்தார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

உங்கள் மகனின் ‘கன்சல்ட்’டுக்கு வருகிறேன். ஆசிரியரையோ விரிவுரையாளரையோ தனியே சந்தித்து ஐயம் தீர்த்துக்கொள்ளும் நேரத்தை நம் மாணவர்கள் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். மருத்துவமனைகளிலும் வேறொரு துறை மருத்துவரின் கருத்தைக் கேட்பது ‘கன்சல்ட்’ என்றே வழங்குகிறது. பேச்சில் இருக்கட்டும்; தேர்வுத் தாளில் ‘கன்சல்டேஷன்’ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். வினையைப் பெயராக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று சிலர் குறைப்படுவதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டாம், அந்தப் பெயர்ச்சொல் பழையது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது இரகசியக் கூட்டம் என்ற பொருளில் பெருவழக்காக இருந்தது. மன்னரைக் கொல்லச் சதி நடக்கிறது என்று 1678இல் டைட்டஸ் ஓட்ஸ் என்பவர் கட்டிவிட்ட பொய்ச் சாட்சியத்தில், லண்டனில் பாதிரியார்கள் கூடியதாகச் சொல்லப்பட்ட கூட்டத்துக்குக் ‘கன்சல்ட்’ என்றுதான் பெயர். நம் ‘சூழ்ச்சி’க்கும் இதே கதிதான். சூழ்தல் என்றால் கூடி ஆராய்தல். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று 671ஆம் குறள் சொல்லும்போது அதில் எந்தக் கள்ளமும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் கூடிப் பேசினால், வெளியே நிற்பவருக்கு அது சதியாகத்தான் தெரியும் போலும். இரண்டு மொழியும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கடைசியாகத் தமிழ் அறிவிப்பு. ‘மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்’ என்று எழுதாதீர்கள். முகப்புக்கு வரும் பாட்டி, ‘டாக்டரிடம் காட்ட வந்தேன்’ என்பார். ‘டாக்டரைப் பார்க்க வேண்டும்’ என்பார். உடம்பைக் காட்டுவதும் ஆளைப் பார்ப்பதும் தமிழ். காய்ச்சலோடு வந்தவர் மருத்துவரோடு கலந்து ஆலோசிக்கும் நிலையில் இருக்கமாட்டார். ‘மருத்துவர் உங்களை 2ஆம் அறையில் பார்ப்பார்’ என்று எழுதுங்கள், அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். மருந்துப் பைகளில் ஒட்டும் தாளுக்கும் இதையே சொல்வேன்: வலி குறையாவிட்டால் ‘மருத்துவரைப் பாருங்கள்’, வேறு மருந்து சாப்பிடுபவராக இருந்தால் ‘முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்’. முன்னது நேரில் வரச் சொல்கிறது, பின்னது தொலைபேசியில் கேட்டாலும் போதும் என்கிறது. ‘ஆலோசிக்கவும்’ என்ற சொல்லில் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். பொது மருத்துவமனைகளில் அசோசியேட் கன்சல்டன்ட், கன்சல்டன்ட், சீனியர் கன்சல்டன்ட் என்பவை சிறப்பு மருத்துவர்களின் பதவிப் படிகள். அங்கிருந்து வரும் கடிதத்தை நோயாளிக்குத் தமிழில் விளக்க நேர்ந்தால் வெறுமனே ‘ஆலோசகர்’ என்று சொல்லாதீர்கள். மனநல ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள் என்று நினைத்துப் பயந்துவிடுவார்கள். ‘சிறப்பு மருத்துவர்’ என்று சொன்னால் அவர்கள் மனம் அமைதியாகும். அடுத்தது, கட்டணச் சீட்டில் ‘கன்சல்டேஷன்’ என்று இருக்கும் வரியைப் பலர் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று பெயர்க்கிறார்கள். ‘எனக்கு ஆலோசனை ஒன்றும் சொல்லவில்லையே, மருந்துதானே கொடுத்தார்’ என்று யாராவது உங்கள் முகப்பில் நின்று வாதாடியிருந்தால் நான் வியப்படையமாட்டேன். அந்த வரிக்கு ‘மருத்துவர் கட்டணம்’ என்றும், அடுத்த வரிக்கு ‘மருந்துக் கட்டணம்’ என்றும் போட்டுவிடுங்கள்.